ஸ்டாண்டர்டு ஹெரால்டும் சிக்கிக்கொண்ட பேரிங்கும்

எங்க வீட்டில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது. 1966 மாடல். அப்பா 1978ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினது. அவர் போய் பதினோரு வருஷம் ஆச்சு, வண்டி இன்னும் ஓடுது. ஓடுது என்று பெருமையாச் சொல்லிக்கொண்டிருந்தேன், போன மாதம் வரைக்கும்.

தாம்பரம் தாண்டினதும் முன்பக்க இடது வீலில் இருந்து ஊளைச் சத்தம். ரேடியோவை நிறுத்திக் கேட்டேன். சத்தம் நிற்கலை. கொஞ்ச தூரத்தில் கிரீஸ் கருகற வாசனை. இறங்கி ஹப்பைத் தொட்டுப் பார்த்தேன், கை சுட்டது. அப்புறம் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

வண்டியைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஹெரால்டு இங்கிலாந்தில் 1959ல் வந்த டிரையம்ப் கார். வடிவமைத்தவர் ஜியோவன்னி மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். மெட்ராஸுக்குப் பக்கத்தில், வண்டலூர் பெருங்களத்தூர் பகுதியில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் அதை 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் தயாரித்தது. வீடு மாதிரி சுத்தி வர வேண்டாம், சுமார் 25 அடி விட்டத்தில் முழு வட்டம் அடித்துவிடும். பானெட்டை முன்பக்கமாகத் தூக்கினால் எஞ்சினும் முன் வீல்களும் மொத்தமாக வெளியே தெரியும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்! அந்தக் கம்பெனி 1980களின் கடைசியில் கார் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. அதனால் இந்த வண்டிக்கு எது உடைந்தாலும் எனக்கு வயிறு கலங்கும்.

சரி, பேரிங்குக்கு வருவோம்.

மாட்டு வண்டியில் அச்சும் குடமும் நேருக்கு நேர் உரசும். அதற்குத்தான் வண்டி மை. உரசலைக் குறைக்க நடுவில் உருண்டைகளைப் போடலாமே என்று 1794லேயே பேட்டண்ட் வாங்கினார் பிலிப் வாகன் என்ற வேல்ஸ்காரர். அதுவும் குதிரை வண்டி அச்சுக்காகவே! ஆனால் ஒரே அளவில் உருண்டைகளைச் செய்ய அந்தக் காலத்தில் வழியில்லை. ஒரு உருண்டை தலைமுடி அளவு பெரிசாக இருந்தாலும் பாரம் முழுக்க அதன் மேலேயே விழும்.

அடுத்து சைக்கிள்காரர்கள் வந்தார்கள். 1869ல் ஜூல் சுரிரே என்ற பிரெஞ்சுக்காரர் சைக்கிளுக்கு பால் பேரிங் பேட்டண்ட் எடுத்தார். அதே வருஷம் நவம்பரில் பாரீஸிலிருந்து ரூவான் வரை நடந்த பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் என்பவர் அந்த பேரிங் போட்ட சைக்கிளில் ஜெயித்தார். 120 கிலோமீட்டருக்கு மேல் தூரம், பத்து மணி நேரத்துக்கு மேல் மிதித்திருக்கிறார். 1883ல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் ஊரில் ஃபிரெட்ரிக் ஃபிஷர் எஃகு உருண்டைகளை ஒரே அளவில் அரைத்தெடுக்கும் மெஷினைச் செய்தார். பேரிங் தொழில் நிஜமாகவே தொடங்கியது அங்கேதான். அறுபது வருஷம் கழித்து, 1943 அக்டோபர் 14ந் தேதி, அதே ஊரின் பேரிங் ஆலைகள் மேல் குண்டு போடப் போன அமெரிக்க விமானங்களில் 60 திரும்பி வரவில்லை. ஒரு குண்டு மணி சமாச்சாரத்துக்காக இவ்வளவா என்று கேட்காதீர்கள். அது இல்லாமல் விமானமும் ஓடாது, டாங்கியும் ஓடாது.

ஆனால் என் ஹெரால்டின் முன் வீலில் இருப்பது உருண்டை இல்லை. டேப்பர் பேரிங். அதன் கதை அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில். ஹென்றி டிம்கன், ஜெர்மனியில் 1831ல் பிறந்து சின்ன வயசில் அமெரிக்கா போனவர், குதிரை வண்டி செய்கிறவர். நேராகப் போகும்போது வீலின் மேல் பாரம் மேலிருந்து கீழே அழுத்தும். திரும்பும்போது பக்கவாட்டிலும் தள்ளும். இரண்டையும் ஒரே பேரிங் தாங்கணும். அதற்கு அவரும் உறவினர் ரெஜினால்டு ஹைன்செல்மனும் சேர்ந்து, ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சிறுத்த உருளைகளைச் சாய்வான இரண்டு வளையங்களுக்கு நடுவில் வைத்தார்கள். 1898ல் பேட்டண்ட். அப்போ டிம்கனுக்கு வயசு 66! உள் வளையத்தை நம்ம ஒர்க்ஷாப்பில் கோன் என்பார்கள், வெளி வளையம் கப்.

இந்தச் சாய்வில் இன்னொரு வசதியும் உண்டு. அச்சின் நுனியில் இருக்கும் நட்டை முறுக்கினால் கோன் கப்புக்குள் நெருங்கும், தளர்த்தினால் விலகும். தேய்மானம் வந்தால் நாமே சரி செய்துகொள்ளலாம். எவ்வளவு நெருக்கம் என்று முடிவு செய்கிறது ஸ்பேனர் பிடிக்கிற கை. நல்ல கையாக இருந்தால் நல்லது.

அப்பா காலத்திலிருந்து எங்க வண்டியைப் பார்க்கிற பாய் வந்தார். எழுபதைத் தாண்டியவர். ஜாக்கி வைத்து, டிரம்மைக் கழற்றி, ஸ்ப்ளிட் பின்னை உருவி, நட்டை எடுத்து ஹப்பை இழுத்தார். ஹப் வந்தது, கூண்டு உடைந்து உருளைகள் நீலம் பாரித்துக் கொட்டின. உள்பக்கக் கோன் மட்டும் ஸ்டப் ஆக்சிலோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. புல்லரின் நகம் பிடிக்க இடமே இல்லை.

"கேஸ் வெச்சு சூடு பண்ணிடலாமா பாய்?" என்றேன்.

"அச்சோட பதம் போயிடும் தம்பி. ஓடும்போது முறிஞ்சா வீல் தனியா போவும், நீங்க தனியா போவீங்க."

புது ஸ்டப் ஆக்சில் இங்கே கடையில் கிடைக்காது. இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம், மாதக் கணக்கில் வண்டி ஜாக்கி மேல் நிற்கும். பாய் சின்ன கிரைண்டரை எடுத்தார். கோனின் ஒரு இடத்தில் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக, நிறுத்தி நிறுத்தித் தேய்த்தார். அச்சைத் தொடுவதற்கு மயிரிழை முன்னால் நிறுத்திவிட்டு, அந்தப் பள்ளத்தில் உளியை வைத்து ஒரே அடி. டிக் என்று சத்தம். வளையம் வெடித்துக் கையோடு வந்தது. பேரிங் எஃகு அவ்வளவு கடினம், அதனாலேயே வளையாது, வெடிக்கும். அச்சில் கீறல் கூட இல்லை. அதுவரைக்கும் நான் மூச்சு விட்டேனா என்று ஞாபகம் இல்லை.

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். "போன தடவ யாரு மாட்னது?"

நான்தான். போன வருஷம் கிரீஸ் மாற்றும்போது வீலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், லேசாக ஆட்டம். ஆட்டம் இருக்கக் கூடாதுன்னு நினைத்து, ஆட்டம் நிற்கிற வரை நட்டை முறுக்கினேன். டேப்பர் பேரிங்குக்கு அந்த லேசான ஆட்டம் வேணும். ஓடும்போது சூடேறி உலோகம் விரியும், விரிய இடம் இல்லாவிட்டால் உருளைகள் நசுங்கும், கிரீஸ் எரியும், அப்புறம் கோன் அச்சைப் பிடித்துக்கொள்ளும்.

பழைய வளையங்களை டீசலில் கழுவி, முகப்பில் பொறித்த நம்பரை லென்ஸ் வைத்துப் படித்து எழுதிக்கொண்டு ஜி.பி. ரோடு பக்கம் போனேன். ஹெரால்டுன்னு சொன்னால் சிரிப்பார்களோ என்று பயம். கடைக்காரர் வண்டி எது என்று கேட்கவே இல்லை. நம்பரைப் பார்த்தார், ராக்கில் இருந்து டப்பாவை எடுத்து வைத்தார். உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, அவ்வளவுதான். வண்டி செய்த கம்பெனி மூடி முப்பது வருஷத்துக்கு மேலாச்சு. ஆனால் பேரிங் அந்த வண்டிக்கென்று பிறந்தது இல்லை. அளவுக்கு ஒரு நம்பர், அந்த நம்பர் எந்த ஊரில் போய்ச் சொன்னாலும் ஒரே பொருள்.

பாய் பழைய கப்களை ஹப்பிலிருந்து பக்கத்துக்குப் பக்கம் மாற்றித் தட்டி எடுத்தார். புதுசை இறக்கி, உள்ளங்கையில் கிரீஸை வைத்து உருளைகளுக்கு நடுவே புகும் வரை அழுத்தினார். நட்டு போடும் நேரம் ஸ்பேனரை என் கையில் கொடுத்தார். வீலைச் சுற்றிக்கொண்டே முறுக்கச் சொன்னார், முறுக்கினேன். "இப்ப நட்டுல ஒரு பட்டை பின்னால வாங்க." வாங்கினேன். வீலின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் இருக்கா இல்லையா என்கிற அளவுக்கு ஒரு அசைவு. "இதான். இத விட்டுட்டு பின்னைப் போடுங்க."

சாயங்காலம் ஸ்பேனரை உள்ளே வைக்கும்போது டேஷ்போர்டு அறையில் அப்பாவின் சர்வீஸ் நோட்டு கண்ணில் பட்டது. எத்தனையோ தடவை பார்த்த நோட்டுதான், பிரித்துப் படித்ததில்லை. 1983ல் ஒரு பக்கம்: 'முன் வீல் பேரிங் மாற்றியது. முறுக்கிவிட்டு ஒரு பட்டை தளர்த்தவும். மறக்காதே.'

அது தனக்கே எழுதிக்கொண்டதா, எனக்கா தெரியவில்லை. அதற்குக் கீழே போன மாதத் தேதியைப் போட்டு அதையே நானும் எழுதி வைத்திருக்கிறேன்.