பொட்டியை ஆன் பண்ணினா முதல்ல யார் எழுந்திருப்பாங்க?

தேனாம்பேட்டையில நாங்க குடியிருந்த தெரு முனையில ஒரு டீக்கடை இருந்தது. விடிகாலை நாலரைக்கெல்லாம் மாஸ்டர் ஷட்டரைத் தூக்கிடுவார். முதல்ல பாய்லர்ல தண்ணி ஊத்திப் பத்த வைப்பார். அப்புறம் பால், அப்புறம் டிகாஷன். இந்த மூணும் ஆகாம ஒருத்தருக்கும் டீ கிடையாது. ஆனா பேப்பர் கட்டைப் பிரிச்சுத் தொங்க விடறதுக்கோ, வடைச் சட்டியை அடுப்புல ஏத்தறதுக்கோ பாய்லர் கொதிக்கணும்னு அவசியமில்லை. அதையெல்லாம் கடைப் பையன் பக்கத்திலேயே பார்த்துக்குவான்.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேக்கறீங்களா? யூனிக்ஸ்காரங்களுக்கு இது புரிய சுமார் முப்பது வருஷம் ஆச்சு. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. டெக்னிக்கலா இருக்குமேன்னு பயந்து ஓடிடாதீங்க, டீக்கடையை விட்டு ரொம்ப தூரம் போக மாட்டேன் :-)

முதல்ல என் சொந்தக் கதை. 2002 வாக்குல, ரிச்சி ஸ்ட்ரீட்ல சாமான் வாங்கி அசெம்பிள் பண்ணின ஒரு பொட்டி. 128 எம்பி ராம். பத்திரிகையோட வந்த சிடியிலிருந்து லினக்ஸ் போட்டேன். பூட் ஆகும்போது வரிசையா பச்சை கலர்ல ஓகே, ஓகேன்னு வரும், பார்க்கவே பரவசமா இருக்கும். ஆனா 'செண்ட்மெயில்'ங்கற வரிக்கு வந்ததும் அப்படியே நின்னுடும். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், ஒண்ணும் அசையாது. ஹேங் ஆயிடுச்சுன்னு நினைச்சு சுவிட்சை அணைச்சிடுவேன். திரும்பப் போட்டா அதே இடத்துல அதே கதை.

அப்ப ஐஐடி வளாகத்துல மாசா மாசம் சென்னை லினக்ஸ் பயனர் குழு கூடும். அங்க போய் ஒரு பெரியவர்கிட்ட புலம்பினேன். அவர் சிரிச்சுட்டு, "தம்பி, மெஷின் தொங்கலை. யாருக்கோ காத்துக்கிட்டிருக்கு"ன்னார். விஷயம் இதுதான். செண்ட்மெயில் எழுந்ததும் 'என் பேர் என்ன?'ன்னு நெட்வொர்க்ல கேக்கும். என் வீட்ல இருந்ததோ டயல்-அப். பூட் ஆகிற நேரத்துல ஏது நெட்? பதில் வராதான்னு பாவம், அது பொறுமையா உக்காந்திருக்கும். மெஷின் பேரை நான் ஒழுங்கா எழுதி வைக்காததுதான் காரணம், முழுத் தப்பும் என்னோடது. ஆனா அதை விட முக்கியமான கேள்வி ஒண்ணை அவர் கேட்டார். "உனக்கு எதுக்குப்பா வீட்ல ஒரு மெயில் சர்வர்?"

பதில் இல்லை. நான் கேட்கவே இல்லை, அதுவா எழுந்திருச்சு. இந்தப் பதிவோட சாரமே இதுதான்: நம்ம மெஷின்ல எது எழுந்திருக்கணும்னு முடிவு பண்றது யாரு?

கதையை ஆரம்பத்திலிருந்து பார்ப்போம். 1979-ல வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸ்ல எல்லாம் எளிமை. கெர்னல் எழுந்ததும் 'இனிட்'னு ஒரே ஒரு புரோகிராமை எழுப்பும். அதுக்கு எண் 1. மத்த எல்லாரும் அதோட பிள்ளை, பேரப்பிள்ளைங்கதான். அந்த இனிட் 'ஆர்சி'ங்கற ஒரு ஷெல் ஸ்கிரிப்டை மேலிருந்து கீழ வரைக்கும் ஓட்டும். ஒரு சேவை வேண்டாமா? அந்த வரியை எடுத்துட்டா போதும். பெர்க்லி யூனிக்ஸ்ல ரொம்ப காலம் இதே வழிதான்.

அப்புறம் ஏடி அண்ட் டி 1983-ல சிஸ்டம் ஃபைவைக் கொண்டு வந்தது. அதுல 'ரன் லெவல்'னு ஒரு ஏற்பாடு. 0-ன்னா மெஷின் அணையும், 1-ன்னா ஒத்தை ஆள் பழுது பார்க்க, 6-ன்னா ரீபூட். நடுவுல இருக்கற எண்களை அவங்கவங்க இஷ்டத்துக்கு வச்சுக்கிட்டாங்க. ரெட்ஹாட்ல 3 வெறும் எழுத்துத் திரை, 5 படத் திரை. டெபியன்ல 2-லிருந்து 5 வரைக்கும் எல்லாம் ஒண்ணுதான்.

ஒவ்வொரு ரன் லெவலுக்கும் ஒரு டைரக்டரி. உள்ளே இருக்கறது எல்லாம் வெறும் இணைப்புகள். பேர் 'எஸ்'ல ஆரம்பிச்சா கிளப்பு, 'கே'ல ஆரம்பிச்சா கொல்லு. அடுத்து ரெண்டு இலக்கம், அதுதான் வரிசை எண். எஸ்10 நெட்வொர்க், எஸ்80 செண்ட்மெயில்ங்கற மாதிரி. எண் வரிசைப்படி ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது. ரேஷன் கடை க்யூ மாதிரிதான். முன்னாடி நிக்கறவர் சில்லறை தேடினா பின்னாடி இருக்கற எல்லாரும் நிக்கணும். என் பொட்டி நின்னது இதனாலதான்.

இந்த இணைப்புகளைக் கையால போட்டு எடுக்கறது பெரிய ரோதனை. அதுக்காக ரெட்ஹாட்ல 'செக்-கான்ஃபிக்'னு ஒரு கருவி கொடுத்தாங்க (யோசனை சிலிக்கான் கிராஃபிக்ஸோட ஐரிக்ஸ்லிருந்து வந்தது). டெபியன்ல 'அப்டேட்-ஆர்சி.டி'. நீல கலர் திரையில பட்டியல் காட்டி, ஸ்பேஸ் பாரைத் தட்டினா நட்சத்திரம் வந்து போற 'என்டிசிஸ்வி'யும் இருந்தது. அன்னைக்கு ராத்திரி அதுல செண்ட்மெயில், போர்ட்மேப், என்எஃப்எஸ்னு பத்துப் பன்னிரண்டு நட்சத்திரத்தை அணைச்சேன். பூட் நேரம் பாதியாக் குறைஞ்சது. சொந்த வீட்டுக்குள்ள அன்னைக்குத்தான் குடி வந்த மாதிரி ஒரு உணர்வு.

இது வெறும் வேகத்துக்கான விஷயம் இல்லைங்க. 2001 ஜனவரியில 'ராமன்'னு ஒரு புழு பரவிச்சு (நம்ம ராமன் இல்லை, ஜப்பான் நூடுல்ஸ்). ரெட்ஹாட் 6.2, 7.0 மெஷின்களைத் தேடிப் போய், எஃப்டிபி சேவை, என்எஃப்எஸ் சம்பந்தப்பட்ட ஒரு சேவை, பிரிண்டர் சேவை இதுங்கள்ல இருந்த ஓட்டை வழியா நுழைஞ்சது. வெப் பக்கம் இருந்தா அதை மாத்தி நூடுல்ஸ் பாக்கெட் படத்தை வச்சுட்டுப் போகும். மாட்டினவங்கள்ல எத்தனையோ பேருக்குத் தங்க மெஷின்ல அப்படி ஒரு சேவை ஓடுதுன்னே தெரியாது. சிடியில இருந்தது, இன்ஸ்டால் ஆச்சு, தானா எழுந்தது. திறந்து போட்ட கதவைப் பத்தி வீட்டுக்காரருக்கே தகவல் இல்லை.

இப்ப நம்ம ஊர் பக்கம் வருவோம். 2005-ல கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் ஆரம்பிச்சாங்க. சென்னை சி-டாக், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்துல இருக்கற ஏயு-கேபிசி ஆய்வு மையம், ரெண்டும் அதுல சேர்ந்து வேலை செஞ்சது. 2007 ஜனவரியில சென்னை சி-டாக்கிலிருந்து 'பாஸ்'ங்கற லினக்ஸ் வெளிவந்தது. அடித்தளம் டெபியன். அதே காலகட்டத்துல தேனாம்பேட்டையைத் தாண்டினதும் நந்தனத்துல அண்ணா சாலையிலேயே இருக்கற எல்காட், உமாசங்கர் ஐஏஎஸ் நிர்வாக இயக்குநரா இருந்தப்ப, சூசே லினக்ஸுக்கு மாறிச்சு. அப்புறம் 2011 செப்டம்பர்ல மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம். எல்காட் வழியா வாங்கின அந்த லேப்டாப்கள்ல விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது.

கவர்மெண்ட் ஸ்கூல் பசங்க கையில லினக்ஸ்! ஆனா அடுத்த வருஷம், 2012-ல, மின்வெட்டு எப்படி இருந்ததுன்னு ஞாபகம் இருக்கா? சென்னையிலேயே தினம் 2 மணி நேரம், மத்த மாவட்டங்கள்ல கேக்கவே வேண்டாம். கரண்ட் போய்ப் போய் வர்ற ஊர்ல பூட் ஆகிற நேரம்ங்கறது ஆடம்பரக் கவலை இல்லை.

வெளியுலகத்துலயும் அப்ப வேகம் பத்தின பேச்சுதான். 2005-லயே சோலாரிஸ் 10-ம், ஆப்பிளோட டைகரும் பழைய இனிட் முறையை மூட்டை கட்டிடுச்சு. 2006 அக்டோபர்ல உபுண்டு 6.10 'அப்ஸ்டார்ட்'டைக் கொண்டு வந்தது. 2008-ல இண்டெல்லோட ரெண்டு பொறியாளர்கள் ஒரு சின்ன ஈ-பிசி மடிக்கணினியை அஞ்சே செகண்ட்ல பூட் பண்ணிக் காட்டினாங்க. டெபியன் கூட 2011 பிப்ரவரியில வந்த ஸ்க்வீஸ்ல, வெறும் எண்ணை நம்பாம, 'யாருக்கு யார் தேவை'ங்கற கணக்கைப் பார்த்து வரிசை போட ஆரம்பிச்சது.

2010 ஏப்ரல்ல லென்னார்ட் போட்டரிங் 'சிஸ்டம்டி' பத்தி எழுதினார். கே சீவர்ஸோட சேர்ந்து அவர் செஞ்சது நம்ம டீக்கடை மாஸ்டர் வேலையேதான். பாய்லர் கொதிக்கறதுக்கு முன்னாடியே கல்லாவைத் திறந்து டோக்கன் கொடுத்துடு. வர்றவங்க டோக்கனை வச்சுக்கிட்டு நிக்கட்டும், டீ தயாரானதும் கொடுத்துக்கலாம். அதாவது எல்லாச் சேவைக்கும் உண்டான சாக்கெட்டை முதல்லயே திறந்து வச்சுட்டு, சேவைங்களை ஒரே நேரத்துல கிளப்பி விடறது. தேவையே வராத சேவையை எழுப்பாமயே கூட விடலாம். 2011 மே மாசம் ஃபெடோரா 15-ல இது வந்துடுச்சு.

டெபியன்ல வெடிச்சது சண்டை. 'ஒரு வேலையை மட்டும் ஒழுங்காச் செய்'ங்கறது யூனிக்ஸ் தர்மம். இதுவோ லாக் எழுதறது, லாகின் பார்க்கறதுன்னு எல்லாத்தையும் கையில எடுத்துக்குதேன்னு ஒரு கூட்டம். தொழில்நுட்பக் குழுவுல எட்டுப் பேர். சிஸ்டம்டிக்கு நாலு, அப்ஸ்டார்ட்டுக்கு நாலு. 2014 பிப்ரவரி 11 அன்னைக்குத் தலைவர் பிடேல் கார்பி தன்னோட முடிவு ஓட்டை சிஸ்டம்டிக்குப் போட்டார். ஒத்தை ஓட்டு! மூணே நாள்ல உபுண்டுவும் அதே வழிக்கு வர்றதா அறிவிச்சது. ஒத்துக்காதவங்க நவம்பர்ல 'தெவ்வான்'னு தனிக்கடை போட்டாங்க. 2015 ஏப்ரல்ல டெபியன் 8, உபுண்டு 15.04 ரெண்டுலயும் சிஸ்டம்டிதான். டெபியன் மேல கட்டின சின்ன விநியோகங்கள்ல பெரும்பாலானதுக்கும் அந்த முடிவுதான் போய்ச் சேர்ந்தது. எங்கேயோ எட்டுப் பேர் போட்ட ஓட்டு, அவங்க பேரே தெரியாத ஆயிரக்கணக்கான பொட்டிகளோட காலை நேரத்தை மாத்திடுச்சு.

நான் எந்தக் கட்சின்னு கேட்டா, ரெண்டும் கெட்டான்தான். 'சிஸ்டம்சிடிஎல் டிசேபிள்'னு ஒரு வரியில வேலை முடியறது சௌகரியம். எந்தச் சேவை எத்தனை செகண்ட் தின்னுதுன்னு பட்டியல் போட்டுக் காட்டறது இன்னும் சௌகரியம். 2002-ல இது இருந்திருந்தா செண்ட்மெயிலை அன்னைக்கே பிடிச்சிருப்பேன். ஆனா பழைய காலத்துல அந்த ஸ்கிரிப்டைத் திறந்து, வரி வரியாப் படிச்சு, என்ன நடக்குதுன்னு ஒரு கத்துக்குட்டி புரிஞ்சுக்க முடிஞ்சது. நான் ஷெல் ஸ்கிரிப்ட் கத்துக்கிட்டதே அப்படித்தான்.

அந்தச் சிக்கலுக்கு விலை என்னன்னு 2024 மார்ச் 29 அன்னைக்குத் தெரிஞ்சது. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட்ங்கற பொறியாளர், எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்தை விட அரை செகண்ட் தாமதமாகுதேன்னு தோண்டிப் பார்த்தார். எக்ஸ்இசட்ங்கற சுருக்கும் மென்பொருளோட 5.6.0, 5.6.1 பதிப்புகள்ல யாரோ கள்ளக்கதவு வச்சிருந்தாங்க. அதுக்கும் எஸ்எஸ்எச்சுக்கும் என்ன சம்பந்தம்? எஸ்எஸ்எச் சேவை 'நான் எழுந்துட்டேன்'னு சிஸ்டம்டிக்குச் சொல்லணும். அதுக்காக டெபியன் மாதிரி சில விநியோகங்கள்ல ஒரு நூலகத்தைச் சேர்த்திருந்தாங்க. அந்த நூலகம் எக்ஸ்இசட்டைக் கூடவே கூட்டிக்கிட்டு வந்தது. காலை வணக்கம் சொல்லப் போன வழியில திருடன் உள்ள வந்த கதை. நல்லவேளை, பரவலாப் போகறதுக்குள்ள பிடிச்சுட்டாங்க.

அரை செகண்ட்! ரெண்டு நிமிஷம் நின்னப்ப நான் சுவிட்சை அணைச்சேன். அவர் அரை செகண்டுக்கு 'யாருக்காகக் காத்திருக்கு?'ன்னு கேட்டார். ஐஐடி வளாகத்துல அந்தப் பெரியவர் எனக்குச் சொல்லிக் கொடுக்கப் பார்த்தது இந்தக் கேள்வியைத்தான்னு இப்பத்தான் முழுசாப் புரியுது.

இன்னைக்கு ராத்திரி உங்க மெஷின்ல எதெல்லாம் தானா எழுந்திருக்குதுன்னு ஒரு தடவை பட்டியல் எடுத்துப் பாருங்க. தெரியாத பேர் நாலாவது இருக்கும், பந்தயம். அதுல ஒண்ணையாவது 'நீ யாருப்பா?'ன்னு விசாரிச்சுட்டுத் தூங்கப் போங்க. யாருன்னு தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க.