வியாழன் பின்னேரமும் ஞாயிறும்

சனி இரவு பதினொரு மணிக்குப் பிறகுதான் பலேர்மோவில் எம்மவர் வீடுகளில் தொலைபேசி அடிக்கத் தொடங்கும். சிஞ்ஞோரா வீட்டில் இராச்சாப்பாடு முடிந்து, கோப்பைகள் கழுவி, அடுப்படி துடைத்து, கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்து சேர அந்நேரமாகிவிடும். "நாளைக்கு எங்கை போவம்? மலைக்கோ, கடலுக்கோ?" என்று ஒருவர் கேட்பார். "கனதூரம் வேண்டாம், திங்கள் விடிய ஏழு மணிக்கு நான் நிக்கவேணும்" என்று மற்றவர் சொல்லுவார். அந்த நகரில் நான் வேலை செய்த ஆண்டுகளில் இந்த உரையாடலை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

பொழுதுபோக்குப் பற்றிய பேச்சாக இது மற்றவர்களுக்குத் தோன்றலாம். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு தூரம் போகலாம் என்பதை எமது கால்களோ காரோ மட்டும் தீர்மானிக்கவில்லை. கையில் இருந்த கடதாசி, வீட்டுக்காரரின் மனம், ஊருக்கு அனுப்பவேண்டிய காசு எல்லாம் சேர்ந்தே தீர்மானித்தன. எனவே இந்தத் தூரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு.

1983 யூலைக்குப் பின் வெளிக்கிட்டவர்களில் இத்தாலியை நினைத்துப் புறப்பட்டவர்கள் குறைவு. பலருக்கு அது ஒரு வழி. ஜேர்மனிக்கோ பிரான்சுக்கோ போகிற வழியில் தடுக்கி நின்ற இடம். அங்கு நின்றவர்களுக்கு ஒரு விசித்திரமான நிலைமை காத்திருந்தது. அகதிகள் பற்றிய 1951 ஜெனீவா உடன்படிக்கையில் இத்தாலி கையெழுத்திட்டிருந்தாலும், ஐரோப்பாவிலிருந்து வருபவர்களுக்கே அது பொருந்தும் என்று ஒரு எல்லையைப் போட்டு வைத்திருந்தது. 1990 வரை அந்த எல்லை நீங்கவில்லை. அதாவது, யாழ்ப்பாணத்தில் வீடு எரிந்து வந்தவரை அகதியென்று ஏற்க அந்நாட்டுச் சட்டத்தில் இடமே இருக்கவில்லை. பாரிசில் எமது சகோதரர்கள் அகதி அட்டைக்காக வரிசையில் நின்றபோது, பலேர்மோவில் நாம் வேலைக்காரராக இருந்தோம். இதைத் தாழ்வாகச் சொல்லவில்லை. சட்டம் எமக்கு வைத்த பெயர் அதுதான்.

வேலை என்றால் வீட்டுவேலை. சமைக்க, துடைக்க, பிள்ளை பார்க்க, படுக்கையில் கிடக்கும் முதியவரைக் கழுவி உடுப்பு மாற்ற. பலருக்கு அது வீட்டோடு நிற்கிற வேலை. காலையில் கண் விழிப்பதும் இரவில் கண் மூடுவதும் மற்றவர் வீட்டில்.

இத்தாலியின் அரசியலமைப்பு 1948 யனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன் 36 ஆவது உறுப்புரை, தொழிலாளிக்கு வாராந்த ஓய்வு உண்டு, அதை அவர் தானாக விட்டுக்கொடுக்கவும் முடியாது என்கிறது. விட்டுக்கொடுக்க முடியாத உரிமை! 1958 ஏப்ரலில் வந்த 339 ஆம் இலக்கச் சட்டம் வீட்டுவேலை செய்பவர்களுக்கும் அதை விரித்தது: ஒரு முழுநாள், வழமையாக ஞாயிறு, அல்லது இரண்டு அரைநாள், அதில் ஒன்று ஞாயிறு. 1974 இல்தான் வீட்டுத் தொழிலாளருக்கான முதலாவது தேசிய கூட்டு ஒப்பந்தம் வந்தது. வியாழன் பின்னேரமும் ஞாயிறும் என்ற வழக்கம் இப்படித்தான் எங்களுக்கு வந்து சேர்ந்தது. எமக்கு முன் அந்த அடுப்படிகளில் நின்ற ஏழைச் சிசிலியப் பெண்களின் ஓய்வுநாள் அது. நாம் அவர்களுடைய ஏப்ரனை மட்டுமல்ல, அவர்களுடைய ஞாயிற்றையும் வாங்கிக்கொண்டோம்.

ஆனால் சட்டத்தில் இருப்பது வேறு, வீட்டில் நடப்பது வேறு. வீட்டுக்காரர்களுக்கும் ஞாயிறு உண்டு. கோடையில் அவர்கள் மொந்தெல்லோக் கடற்கரை வீட்டுக்குப் போவார்கள். நகரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர். ஒரு காலத்தில் அது மலேரியாச் சதுப்பு. அதை வற்றவைத்து, 1913 இல் கடலுக்குள் கால்நட்டு அழகான குளியல் மண்டபம் ஒன்றைக் கட்டி, பணக்காரர்களின் கோடைகால இடமாக்கினார்கள். "நீயும் வா, கடல் பார்க்கலாம்" என்று சிஞ்ஞோரா அன்பாகத்தான் கூப்பிடுவா. போனால் அங்கே இன்னொரு அடுப்படி. ஓகஸ்ட் 15 விடுமுறைக்கு நாடே கடலுக்குப் போகும். அன்றுதான் எம்மவருக்கு வேலை கூட. மொந்தெல்லோவில் ஐந்து கோடை நின்றும் ஒருநாளும் கால் நனைக்காத ஒரு அக்காவை எனக்குத் தெரியும்.

ஆக, எமக்கென்று இருந்த முதலாவது தூரம் நடந்து போகிற தூரம். கடதாசி இல்லாத காலத்தில் புகையிரத நிலையத்துக்குப் போகவே பயம். 1986 டிசெம்பரில் வந்த 943 ஆம் இலக்கச் சட்டம் சிலருக்கு வழிவிட்டது. 1990 பெப்ரவரியின் 39 ஆம் இலக்கச் சட்டம், 1989 முடிவதற்குள் வந்து சேர்ந்தவர்கள் பலருக்கு சொஜோர்னோ என்று நாம் சொல்லும் வதிவிட அனுமதியைத் தந்தது. அதுவரை எமது ஞாயிறு பூங்கா வாங்குகளிலும் பல்லாரோச் சந்தையைச் சுற்றியுள்ள ஒடுங்கிய வீடுகளிலும்தான் கழிந்தது. அப்படி நின்றவர்களுக்கு எங்கிருந்து பார்த்தாலும் தெரிந்தது ஒரு மலை.

மொந்தே பெல்லெக்ரினோ. அறுநூறு மீற்றர் அளவு உயரம். கடலோரத்தில் தனியே நிற்கும் பாறை. பெயரிலேயே யாத்திரிகர் என்ற பொருள் உண்டு. 1787 ஏப்ரலில் பலேர்மோ வந்த ஜேர்மனியக் கவிஞர் கோதே, உலகின் மிக அழகான கடல்முனை என்று அதை வியந்து எழுதிவைத்தார். மலையின் குகையொன்றில் சாந்தா ரொசாலியாவின் கோவில். பன்னிரண்டாம் நூற்றாண்டில், பிரபு குடும்பத்துப் பெண்ணொருத்தி உலகைத் துறந்து அந்தக் குகையில் தனியே வாழ்ந்து இறந்தாள் என்பது ஐதீகம். 1624 இல் நகரில் கொள்ளைநோய் பரவியது. அரசப் பிரதிநிதியே அதில் மாண்டார். அவ்வாண்டு யூலையில் மலையில் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. மறு ஆண்டு அவற்றை நகரெங்கும் ஊர்வலமாகக் கொண்டுபோக நோய் நீங்கியது என்று நம்பினார்கள். அன்றிலிருந்து யூலை நடுவில் நகரத்தில் பெருவிழா. செப்ரெம்பர் 4 ஆம் திகதி மலைக்கு நடைபயணம். 2024 இல் நகரம் நானூறாவது பெருவிழாவைக் கொண்டாடியது.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். ரொசாலியாவின் எலும்புகள் கிடைத்த 1624 இல் சிசிலியின் அரசன் ஸ்பானிய நான்காம் பிலிப். அப்போது போர்த்துக்கலின் முடியும் அவன் தலையில்தான். 1619 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். 1621 இல் நல்லூர்க் கோவிலை இடித்தார்கள். பலேர்மோவில் மக்கள் குகைக்கோவிலை எழுப்பிக்கொண்டிருந்த நாட்களில், அதே முடியின் ஆட்சியில் எமது கோவில் கற்கள் சிதறிக் கிடந்தன. மலையேறும் எம்மவருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் ஏறியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அரசர்களின் கணக்கு வேறு, நேர்த்தி வைப்பவர்களின் கணக்கு வேறு.

ஞாயிறு காலையில் பதினேழாம் நூற்றாண்டின் பழைய கல்லுப் பாதையால் எம்மவர் ஏறத் தொடங்கினார்கள். கத்தோலிக்கரும் ஏறினார்கள், சைவர்களும் ஏறினார்கள். சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். குகையின் கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அதைத் தகரப் பீலிகளால் ஏந்தி வழிவிட்டிருக்கிறார்கள். அந்த நீரைத் தலையில் தெளித்துக்கொள்வார்கள். மாதாவென்று ஒருவர், அம்மன் என்று இன்னொருவர். பலேர்மோக்காரர்கள் முதலில் வியப்போடு பார்த்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். இன்று சாந்தா ரொசாலியாவைப் பற்றி எழுதுகிற ஆய்வாளர் பலர் தமிழர்களையும் குறிப்பிடுகிறார்கள்.

ஆனால் அவ்வாறு எழுதுபவர்கள் பலர் பக்தியோடு நிறுத்திவிடுகிறார்கள். மலையில் வேறொன்றும் இருந்தது. அங்கே போகக் காசு தேவையில்லை. கடதாசி கேட்க ஆளில்லை. சோற்றுப் பார்சலை விரித்து வைத்து, யாருடைய நாட்டில் யுத்தம் என்று யாருக்கும் விளக்காமல் உரத்துத் தமிழ் பேசலாம். யாருக்கு வேலை போனது, எந்த வீட்டில் ஆள் தேடுகிறார்கள், எந்தச் சீட்டுக்காரர் ஓடிவிட்டார், யாருடைய தம்பி பிடிபட்டான், எல்லாம் அங்கேதான் தெரியவரும். கோவிலும் சந்தையும் தபால்கந்தோரும் ஒன்றாயிருந்த இடம் அது.

அந்த மலையடிவாரத்துத் தெருவொன்றில்தான் 1992 யூலை 19 ஆம் திகதி நீதவான் பவுலோ பொர்செல்லினோவும் மெய்க்காவலர் ஐவரும் குண்டுக்குப் பலியானார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் தாயாரைப் பார்க்க வந்திருந்தார். அதற்கு முன், மே 23 ஆம் திகதி சனிக்கிழமை, உரோமிலிருந்து வார இறுதிக்கு வந்த நீதவான் ஜொவான்னி பல்கோனேயை, விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் நெடுஞ்சாலையில், மனைவியோடும் மூன்று காவலர்களோடும் மாபியா தகர்த்தது. அதன்பின் இராணுவம் தெருவுக்கு வந்தது. சோதனைச் சாவடி, மணல்மூட்டை, துவக்கோடு பொடியன்கள். எம்மவர் பலர் தங்களை அறியாமலே சட்டைப்பையைத் தொட்டு அடையாள அட்டையைத் தேடினார்கள்.

சொஜோர்னோ கிடைத்தபின் இரண்டாவது தூரம் திறந்தது. முதலில் புகையிரதம், பிறகு நாலைந்து பேர் சேர்ந்து வாங்கிய பழைய பியற் கார். இடம் தெரிவு செய்வதில் எமக்கென்று சில விதிகள் உருவாகின. இரவு பத்துக்குள் திரும்பவேண்டும். தங்குமிடத்துக்குக் காசு கொடுப்பதில்லை. குடிதண்ணீரும் நிழலும் இருக்கவேண்டும். குழந்தைகள் ஓட இடம் வேண்டும். ஒரு வேப்பமரம் கிடைக்காவிட்டாலும் ஒரு கோவிலோ மாதாவோ கிடைக்கவேண்டும்.

இந்த விதிகளுக்குள் அடங்கியவை செபலு, சுமார் 70 கிலோமீற்றர். மணலும், நோர்மன் அரசர் கட்டிய பேராலயமும். செஜெஸ்தா, சுமார் 75. குன்றின்மேல் கூரையேயில்லாமல் நிற்கும் கிரேக்கக் கோவில், இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளாக முடிக்கப்படாமலே நிற்கிறது. அக்ரிஜெந்தோ, சுமார் 130. அங்குள்ள கோவில்களில் ஒன்று ஏறக்குறைய முழுதாகத் தப்பியதற்குக் காரணம், பிற்காலத்தில் அதைக் கிறிஸ்தவ ஆலயமாக்கியதுதான். கிழக்கே திந்தாரி; கடலுக்கு மேலே செங்குத்தான முனையில் கறுத்த மாதா. அந்த மாதாவின் முன்னால் மன்னாரைச் சேர்ந்த ஒரு அம்மா நீண்டநேரம் முழங்காலில் இருந்துவிட்டு, "எங்கடை நிறம்" என்று மட்டும் சொன்னா. மடுத் திருவிழாவுக்கு மாட்டுவண்டியில் போன கதையைத் திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தா.

அப்போதுதான் மூன்றாவது தூரம் நினைவுக்கு வரும். யாழ்ப்பாண நகரிலிருந்து கீரிமலை பன்னிரண்டு மைல் அளவு. சைக்கிளில் போய், கேணியில் குளித்து, பின்னேரம் வந்துவிடலாம். கடலோரத்தில் நன்னீர் ஊற்று. ஆடி அமாவாசைக்குத் தகப்பனை இழந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் போவார்கள். 1990 இல் மீண்டும் யுத்தம் மூள, வலிகாமம் வடக்கு மக்கள் எழும்பி ஓட, கீரிமலை உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டது. இன்னொரு பக்கம், குடாநாட்டை விட்டு வெளியேற இயக்கத்திடம் பாஸ் எடுத்துப் பிணைக்கு ஆள் வைக்கவேண்டியிருந்தது. நாம் பலேர்மோவிலிருந்து 130 கிலோமீற்றர் போய்க் கிரேக்கக் கோவில் பார்த்துவிட்டு வந்த அதே ஞாயிறுகளில், எமது பெற்றோரால் பன்னிரண்டு மைல் போக முடியவில்லை. என் தகப்பனுக்கான ஆடி அமாவாசையை ஒருமுறை மொந்தெல்லோவில் கடலுக்குள் இறங்கிச் செய்தேன். எள்ளுக்குப் பல்லாரோவில் அலைந்தேன். குகைநீர் ஒரு போத்தலில் கொண்டுபோயிருந்தேன். சரியோ பிழையோ தெரியாது. செய்தபின் மனம் ஆறியது.

1997 ஒக்ரோபரில் இத்தாலி செங்கன் வட்டத்துக்குள் வந்தது. பாரிசிலும் ஜேர்மனியிலும் உள்ள உறவுகளை அடுத்தடுத்த ஆண்டுகளில் பயமில்லாமல் போய்ப் பார்க்க முடிந்தது. பலர் அப்படியே வடக்கே போய்விட்டார்கள். நின்றவர்களின் பிள்ளைகள் பலேர்மோப் பேச்சிலேயே சண்டை பிடித்து வளர்ந்தார்கள். அவர்களுக்கு ஞாயிறு என்றால் மலிவு விமானத்தில் எங்கே போகலாம் என்பது. "ஏனம்மா திரும்பத் திரும்ப அந்த மலை?" என்று கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான். தெரிவு செய்ய வேறு இடங்கள் உள்ளவர்கள் கேட்கிற கேள்வி அது.

ஆனால் அந்த மலைக்கு இன்னமும் ஆள் குறையவில்லை. 2020 மார்ச்சில் நாடு முழுவதும் பூட்டப்பட்டபோதுதான், முதியவர்களோடு தங்கிப் பராமரிக்கும் பலர் வாரக்கணக்காக வெளியே கால்வைக்கவில்லை. ஞாயிறும் வியாழனும் ஒன்றாகின. கொள்ளைநோய்க்குக் காவல் என்று நகரம் நம்பும் அவள் மலையில் இருக்க, அவளைப் போய்க் காணவும் வழியில்லை.

மொந்தெல்லோவில் கால் நனைக்காத அந்த அக்கா இப்போது ஓய்வு பெற்றுவிட்டா. கடைசியாகப் பார்த்தபோது, செப்ரெம்பர் 4 இல் மலையேற முழங்கால் விடுவதில்லை, பஸ்ஸில் போகிறேன் என்றா. பேச்சு முடிந்து எழும்பும்போது, தான் முன்பு வேலை செய்த வீட்டில் புதிதாக வந்திருக்கிற ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னா. ஊரிலிருந்து வந்து நாலு மாதம். இன்னும் ஒரு ஞாயிறும் விடவில்லையாம்.

"சட்டம் இருக்கெண்டு அந்தப் பிள்ளைக்குத் தெரியாது தம்பி. வாற வியாழன் பின்னேரம் நான் போய் சிஞ்ஞோராவோடை கதைக்கப் போறன்" என்றா.