சும்பிட்டும் ஒரு சொல்லும்

ரிங்லெட் கடைத்தெருவில் ஒரு சும்பிட் வாங்கினேன். ஊதுகுழல்தான். ஒன்றரை அடி நீளம், மேலே வர்ணம். பாட்டி வாங்கிப் பார்த்துவிட்டு, "இது புள்ளைங்க வெளையாடுறதுடா. சக்காய் ஆளுங்க கொண்டு வர்றது என் உசரத்துக்கு மேல இருக்கும்" என்றார்.

அந்தச் சொல் உறுத்தியது. எஸ்டேட்டில் எல்லாருமே அப்படித்தான் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். மலாயில் அதற்கு அடிமை, அண்டிப்பிழைப்பவன் என்ற பொருள் ஏறியிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் பகாங், பேராக் காடுகளில் பூர்வகுடிக் குடியிருப்புகளைத் தாக்கி, பிள்ளைகளைப் பிடித்து விற்றார்கள். 'ஓராங் அஸ்லி' என்ற அரசாங்கப் பெயர் 1960களில்தான் நிலைத்தது. ரிங்லெட் வட்டாரத்தில் வாழ்பவர்கள் செமாய் மக்கள்.

நிஜ சும்பிட் இரண்டு குழாய். உள்குழாயில் அம்பு ஓடும், வெளிக்குழாய் அதைக் காக்கும். கணு நீண்ட மூங்கில் வேண்டும். தீயில் வாட்டி, கண்ணால் பார்த்தே நேராக்குகிறார்கள். பொறியாளனாகச் சொல்கிறேன், ஆறடிக்கு மேல் ஒரு துளையை நேராக வைப்பது சும்மா இல்லை. அம்பின் பின்முனையில் துளையை அடைக்கும் அளவுக்கு ஒரு நெட்டித் தக்கை. முனையில் ஈப்போ மரத்துப் பால், அது இதயத்தை நிறுத்தும். ஈப்போ நகரத்தின் பெயரும் அந்த மரத்திலிருந்து வந்ததுதான்.

பாடப்புத்தகத்தில் இந்த மலையின் வரலாறு 1885இல், வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளரோடு தொடங்கும். 1929இல் ரஸ்ஸலின் 'போ' தேயிலைத் தோட்டம். அங்கேதான் நாம் வருகிறோம். காட்டை அழித்தது நம் ஆட்களின் கை, கையெழுத்துப் போட்டது வேறு ஆள். ஆனால் அது யாருடைய காடு என்று லயத்தில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

1963இல் ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை முடிந்தது. பகாங் பக்கம் ஓடவேண்டிய பெர்த்தாம் ஆற்று நீர் சுரங்கம் வழியாகப் பேராக் பக்கம் போய் மின்சாரமாகிறது. படிக்கும்போது அதை வியந்திருக்கிறேன். மேலே காய்கறித் தோட்டங்களுக்காக மலையை வெட்ட வெட்ட, சேறு ஏரியை நிரப்பியது. 2013 அக்டோபரில் அணை நீர் திறந்தபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின.

அன்று இரவு பாட்டியிடம் கேட்டேன்: "அவங்க பேரு என்ன பாட்டி? யாராச்சும் ஒருத்தரு பேரு?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "கேட்டதில்லய்யா. உப்பு வேணும்பாங்க, குடுப்போம். தேன் குடுத்துட்டுப் போவாங்க."