மார்பகச் சத்திரசிகிச்சையும் குருதியோட்டமும்

மார்பின் பாரத்தைச் சத்திரத்தாற் குறைக்கும் முயற்சி பழையது. 7ஆம் நூற்றாண்டிற் போல் என்னும் கிரேக்க வைத்தியர், ஆடவர் மார்பு பெண்மார்பு போற் பருத்தவிடத்து, அதன்கீழ்ப் பிறைவடிவிற் கீறிக் கொழுப்பை அகற்றித் தைக்கும் முறையை எழுதிவைத்தார்.

பெண்டிர்க்கோ இடர் வேறு. மிகுதியை அகற்றியபின் முலைக்காம்பை மேலே ஏற்றல் வேண்டும். ஏற்றுங்காற் குருதியோட்டம் தடைப்படின் அஃது அழுகிவிடும். 1922இற் சிக்காகோவின் மக்ஸ் தோரெக் காம்பை அறவே வெட்டியெடுத்துத் தோலொட்டாகப் பதித்தார். காம்பு பிழைத்தது, பாலூட்டும் வாய்ப்புப் போயிற்று, உணர்ச்சியும் பெரும்பாலும் குன்றிற்று. தாயாகவிருந்த இளம்பெண்ணுக்கு இது சிறு விலையன்று. எனினும் மிகப் பெரிய மார்புகளுக்கு இம்முறையை இன்றும் கையாள்வோருளர்.

1930இற் சுவாற்ஸ்மன் வேறு வழி கண்டார். காம்பைச் சூழ்ந்த மேற்றோலை மட்டும் சீவி, அடித்தோலை விட்டுவைத்தார். அதன் நுண்ணிய நாளங்களே காம்பை வாழ்வித்தன. 1960இற் சுவீடனின் ஸ்ற்றோம்பெக் அவ்வடித்தோலை இருபக்கமும் பாலம்போற் கிடையாக விட்டார். 1972இல் மக்கிசொக் அப்பாலத்தையே நெடுக்காகத் திருப்பினார்.