பிரீவீலைக் கழட்டுறதுக்கு முன்னாடி

பட்டணத்துத் தம்பிங்க சிலர் இப்போ ஊர் ஊரா பழைய சைக்கிள் தேடி வர்றாங்க. ராலே, ஹெர்குலிஸ், அட்லஸ் எதுவானாலும் சரி. கேரியர் வேண்டாம், மட்கார்டு வேண்டாம், ஸ்டாண்டு வேண்டாம், பிரேம் மட்டும் நல்லா இருந்தா போதும்ங்கிறாங்க. அதை எடுத்துட்டுப் போய் பின்சக்கரத்து பிரீவீலைக் கழட்டிட்டு, சும்மா ஒரு பல்சக்கரத்தை ஹப்போடு இறுக்கிடுறாங்க. அப்புறம் சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்திக்கிட்டே இருக்கும். காலை நிறுத்தவே முடியாது. இதுக்கு ஃபிக்ஸட் கியர்னு பேர். செல்லமா ஃபிக்ஸி.

டீக்கடையில இதைச் சொன்னா பெருசுங்க சிரிக்கிறாங்க. "இருக்கிற சவுகரியத்தைக் காசு குடுத்துக் கழட்டுறானுங்களா?"ன்னு கேட்கிறாங்க. ஆனா இது புதுக் கிறுக்கு இல்ல. சைக்கிள் பொறந்தப்போ அப்படித்தான் பொறந்தது. நடுவுலதான் அதுக்குள்ள பிரீவீல் வந்தது. அது ஏன் வந்தது, வந்த பிறகு யாருக்கு என்ன கிடைச்சதுன்னு தெரிஞ்சுக்கிட்டு, அப்புறம் கழட்டினா நல்லதுன்னுதான் இதை எழுதுறேன்.

டிராக்டர் ஓட்டுறவங்களுக்கு ஒரே வரியில புரியும். டிரெய்லர்ல லோடு ஏத்தி இறக்கத்துல வரும்போது கியரை எடுக்க மாட்டோம். கியர்ல இருந்தா எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரல் ஆக்கினா வண்டி தன் போக்குல உருளும், பிரேக்கை நம்பித்தான் இருக்கணும். ஃபிக்ஸட் சைக்கிள் எப்பவும் கியர்லயே இருக்கிற வண்டி. எஞ்சின் நம்ம காலு. பிரீவீல்ங்கிறது கால் நின்ன உடனே தானா விழுற நியூட்ரல்.

அதுக்குள்ள பெரிய மந்திரம் ஒண்ணுமில்ல. சின்னப் பல் வரிசை ஒண்ணு, அதுல மாட்டிக்கிற நகம் மாதிரி ரெண்டு இரும்புத் துண்டு, அதைத் தள்ளிக்கிட்டே இருக்கிற மெல்லிய ஸ்பிரிங். முன்னாடி மிதிச்சா நகம் பல்லுல மாட்டும், சக்கரம் சுத்தும். மிதிக்கிறதை நிறுத்தினா நகம் பல்லு மேல வழுக்கிக்கிட்டே போகும். அந்த 'டிக் டிக் டிக்' சத்தம் அதுதான். இருட்டுல சைக்கிள் வர்றதை நாம தெரிஞ்சுக்கிட்டதே அந்தச் சத்தத்தை வச்சுத்தானே!

இப்போ பின்னால போவோம். 1817-ல ஜெர்மனியில மன்ஹைம் ஊர்ல கார்ல் ட்ரைஸ்ங்கிறவர் ரெண்டு சக்கர வண்டி ஒண்ணு செஞ்சார். பெடல் கிடையாது, காலால தரையை உதைச்சு ஓடணும். 1860-கள்ல பாரிஸ்ல முன்சக்கரத்துலயே பெடலை வச்சாங்க. இன்னைக்கு நம்ம வீட்டுக் குழந்தைங்க ஓட்டுற மூணு சக்கர சைக்கிள் அதே முறைதான். அதாவது நாம எல்லோரும் முதல்ல ஓட்டினது ஃபிக்ஸட் சைக்கிள்தான்.

பெடல் சக்கரத்தோடவே இருக்கிறதால பெடல் ஒரு சுத்து சுத்தினா சக்கரமும் ஒரே சுத்துதான். வேகம் வேணும்னா சக்கரத்தைப் பெருசாக்கணும். அப்படி 1870-கள்ல வந்ததுதான் முன்சக்கரம் ஆளுயரத்துக்கு இருக்கிற அந்த விசித்திர சைக்கிள். 50 இஞ்ச், 60 இஞ்ச் சக்கரம். எவ்வளவு பெரிய சக்கரம்ங்கிறதை ஓட்டுறவரோட கால் நீளம்தான் முடிவு பண்ணும். இறக்கத்துல பெடல் சுத்துற வேகத்துக்குக் கால் ஈடு கொடுக்காது. அதனால ரெண்டு காலையும் தூக்கி ஹேண்டில்பார் மேல போட்டுக்கிட்டு இறங்குவாங்களாம். சின்னக் கல்லு தட்டினாலும் தலைகுப்புறதான்.

1880-ல மான்செஸ்டர்ல ஹான்ஸ் ரெனால்டுங்கிறவர் உருளை வச்ச செயினைக் கண்டுபிடிச்சார். 1885-ல ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். ரெண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, நடுவுல பெடல், செயின் வழியா பின்சக்கரத்துக்கு ஓட்டம். நாம பார்க்கிற எல்லாச் சைக்கிளுக்கும் அதுதான் மூதாதை. 1888-ல டன்லப் காத்தடைச்ச டயரைக் கொடுத்தார். ஆனாலும் பின்சக்கரத்துல பிரீவீல் இல்ல. ரோவரும் ஃபிக்ஸட்தான்.

அந்த உயரச் சக்கரத்துக் காலத்துக் கணக்கு இன்னும் சாகல. செயின் வீல் பல்லை பின்பல்லால வகுத்து, சக்கர விட்டத்தால பெருக்கி, 'இத்தனை இஞ்ச் கியர்'னு இன்னைக்கும் சொல்றாங்க. நம்ம ஊர்ச் சைக்கிள்ல முன்னால 44 பல், பின்னால 18 பல், சக்கரம் 28 இஞ்ச்னு வச்சுக்குங்க. கணக்குப் போட்டா 68 இஞ்ச் வரும். அதாவது நாம 68 இஞ்ச் உயரச் சக்கரத்து மேல உட்கார்ந்து மிதிக்கிறதுக்குச் சமம். பெடல் ஒரு சுத்துக்கு வண்டி கிட்டத்தட்ட 18 அடி போகும்.

பிரீவீல்ங்கிற யோசனை முன்னாடியே வந்தாச்சு. 1869-லயே அமெரிக்காவுல வான் ஆண்டன்ங்கிறவர் அதுக்குக் காப்புரிமை வாங்கிட்டார். ஆனா 1890-கள் கடைசியிலதான் அது பரவுச்சு. பிரீவீல் வச்சா பெடலைக் கொண்டு வண்டியை நிறுத்த முடியாது, நல்ல பிரேக் வேணும். ரெண்டும் சேர்ந்துதான் வளர்ந்தது. ஜெர்மனியில எர்ன்ஸ்ட் ஸாக்ஸ் 1903-ல 'டார்பிடோ' ஹப்பை விட்டார். பெடலை நிறுத்தினா வண்டி உருளும், பின்னாடி மிதிச்சா பிரேக் பிடிக்கும். பிரீவீலும் பிரேக்கும் ஒரே டப்பாவுல.

பந்தயக்காரங்க மட்டும் லேசுல ஒத்துக்கல. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1903-ல ஆரம்பிச்ச ஆன்றி டெக்ராஞ்ச், தானே பந்தயக்காரர். 1893-ல ஒரு மணி நேரத்துல 35.325 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை வச்சவர். கியர் மாத்துறதெல்லாம் 45 வயசு தாண்டினவங்களுக்குத்தான்னு 1902-ல எழுதினார். (நான் அந்த வயசைத் தாண்டி ரொம்ப நாளாச்சு, எனக்கு அனுமதி உண்டு!) ஓடும்போதே கியர் மாத்துற கருவியை 1937 வரைக்கும் அந்தப் பந்தயத்துல விடல. வீரர்கள் பின்சக்கரத்தோட ரெண்டு பக்கமும் வேற வேற பல்சக்கரம் வச்சிருப்பாங்க. மலை வந்தா இறங்கி, நட்டைக் கழட்டி, சக்கரத்தைத் திருப்பிப் போட்டு ஏறுவாங்க.

பந்தயத் தடத்துல மட்டும் ஃபிக்ஸட் சாகாம இருந்தது. ஜப்பான்ல 1948-ல கொக்குரா நகரத்துல பணம் கட்டி ஆடுற 'கெய்ரின்' சைக்கிள் பந்தயம் ஆரம்பிச்சாங்க. போர்ல நொறுங்கின ஊர்களைத் திரும்பக் கட்ட அந்த வருமானம் போச்சு. அந்தச் சைக்கிள்கள்ல பிரேக் கிடையாது. பணம் புரளுற இடம்ங்கிறதால ஒவ்வொரு உதிரி பாகத்துக்கும் அங்கீகார முத்திரை இருக்கணும். பிறகு நியூயார்க் மாதிரி ஊர்கள்ல தபால், பார்சல் கொண்டுபோற பையன்கள் இந்தத் தடச் சைக்கிளை ரோட்டுக்குக் கொண்டுவந்தாங்க. பாகம் கம்மி, ரிப்பேர் கம்மி. அங்கிருந்துதான் இந்த மோகம் உலகம் சுத்தி நம்ம பட்டணங்களுக்கு வந்திருக்கு.

நம்ம கிராமங்களுக்குச் சைக்கிள் வந்து சேர்ந்த கதை வேற. முதல்ல பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம்ல இருந்து கப்பல்ல வந்துச்சு. அப்புறம் 1949-ல டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கி, சென்னைப் பக்கம் அம்பத்தூர்ல சைக்கிள் செய்ய ஆரம்பிச்சாங்க. வட நாட்டுல லூதியானாவுல 1956-ல ஹீரோ வந்தது. ஊருக்குள்ள சைக்கிள் பெருகினப்போ பிரீவீல் ஏற்கெனவே அதுக்குள்ள இருந்தது. அதனால அது என்ன கொடுத்ததுன்னு நாம யோசிச்சதே இல்ல.

யோசிச்சுப் பாருங்க. கிராமத்துல சைக்கிளை ஓட்டினதை விடத் தள்ளினதுதான் அதிகம். நெல் மூட்டை, புல்லுக்கட்டு, தண்ணிக் குடம், தேங்காய்ச் சாக்கு, எல்லாம் ஏத்திப் பக்கத்துல நடந்து தள்ளிக்கிட்டே வருவோம். ஃபிக்ஸட் சைக்கிளை அப்படித் தள்ளினா பெடலும் கூடவே சுத்தி, முழங்காலுக்குக் கீழ எலும்புலயே இடிக்கும். வேட்டி நுனி செயின்ல மாட்டினா நின்ன இடத்துலயே பெடலைப் பின்னால சுத்தி எடுத்துடுவோம். ஃபிக்ஸட்ல அது நடக்காது, வண்டியையே பின்னால உருட்டணும். சின்னப் பசங்க பாருக்குக் கீழ காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டதும், முழுச் சுத்து எட்டாம பாதி பாதியா மிதிச்சுப் பழகினதும் பிரீவீல் தயவுலதான். 1990-கள் தொடக்கத்துல புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கத்தோட சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினாங்களே, முன்னால பிள்ளை, பின்னால குடம்னு போனாங்களே, அவங்க காலுக்கும் ஓய்வு கொடுத்தது அந்தச் சின்ன நகம் ரெண்டும்தான். பந்தயக்காரன் வண்டியா இருந்த சைக்கிள் பாடுபடுறவங்க வண்டியானது பிரீவீல் வந்த பிறகுன்னு நான் நினைக்கிறேன்.

சரி, இவ்வளவு சொன்ன பிறகும் மாத்தித்தான் ஆகணும்னு நிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்குச் சில விசயம்.

முதல்ல பிரேம். பின்சக்கரம் உட்காருற வெட்டு படுக்கை வாக்குல நீளமா இருக்கணும். சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்திச் செயினை இழுத்துக் கட்ட அதுதான் வழி. நம்ம பழைய சைக்கிள்ல அப்படித்தான் இருக்கு. அதனாலதான் அதைத் தேடி வர்றாங்க. புதுசா வர்ற பல கியர் சைக்கிள்கள்ல வெட்டு செங்குத்தா இருக்கும், அது சரிப்படாது. ஃபிக்ஸட்ல செயின் தொய்வா இருந்து கழண்டா, பின்சக்கரத்துல சிக்கி வண்டி அப்படியே பூட்டிக்கும். முன்பல்லும் பின்பல்லும் ஒரே நேர்கோட்டுல இருக்கான்னு நூல் பிடிச்சுப் பாருங்க.

அடுத்தது ஹப். உயிர் போற இடம் இது. பிரீவீலைக் கழட்டிட்டு, அதே மரையில ஃபிக்ஸட் பல்லை முறுக்கிடலாம், பொருந்தும். ஆனா முன்னாடி மிதிக்கும்போது இறுகுற மரை, நிறுத்தறதுக்காகப் பின்னாடி அழுத்தும்போது கழளும். பிரீவீலுக்கு அந்தக் கவலை இல்ல, பின்னாடி சுத்தினா அது வெறுமனே சுத்தும். பல்லு கழண்டா அந்த நொடியில பின்பிரேக் போச்சு. இங்கிலீஷ்காரங்க இதுக்குத் தற்கொலை ஹப்னே பேர் வச்சிருக்காங்க. தடச் சைக்கிள் ஹப்புல பல்லுக்கு வெளியே இன்னொரு மரை இருக்கும், அது இடது மரை. நம்ம சைக்கிள்ல இடது பெடல் எதிர்ப்பக்கமா இறுகுதே, அதே மாதிரி. அதுல ஒரு பூட்டு வளையம் இறுகிடும். பல்லு கழள முயற்சி பண்ணினா வளையம் இன்னும் இறுகும். பழைய ஹப்புல பாட்டம் பிராக்கெட் வளையத்தைப் போட்டுச் சமாளிக்கிறவங்க உண்டு. அதுவும் அதே பக்கத்து மரைதான், ரெண்டும் சேர்ந்தே கழளலாம். மரை கழண்ட வேலைன்னு சொல்வோமே, அது இதுதான். சரியான ஹப்பைக் காசு கொடுத்து வாங்குங்க.

மூணாவது பல் கணக்கு. காலை இறுக்கிப் பின்சக்கரத்தைச் சறுக்க விட்டு நிறுத்துறவங்களுக்கு இது முக்கியம். முன்னால 48, பின்னால 16 வச்சா சரியா மூணு மடங்கு. பெடல் ஒவ்வொரு சுத்துக்கும் டயர் அதே இடத்துக்கே திரும்பி வரும். ஒரே இடம் தேய்ஞ்சு சீக்கிரம் ஓட்டை விழும். 44-க்கு 18 வச்சா தேய்மானம் ஒன்பது இடத்துல பரவும். 46-க்கு 17 வச்சா பதினேழு இடம். கிராங்கும் நீளமா வேண்டாம். வளைவுல உள்பக்கப் பெடலைத் தூக்கி நிறுத்த முடியாதே, தரையில இடிக்கும்.

கடைசியா பிரேக். முன் பிரேக்கைக் கழட்டவே கழட்டாதீங்க. சக்கரத்தை அலுமினிய ரிம்முக்கு மாத்தினா நம்ம பழைய கம்பி பிரேக் பிடிக்காது. அந்தக் கட்டை ரிம்மோட உள்பக்கத்துல உரசுறது. அதனால வேற பிரேக் போட்டே ஆகணும். இறக்கத்துல 40 கிலோமீட்டர் வேகம் போனா, 68 இஞ்ச் கியர்ல கால் நிமிசத்துக்கு 120 தடவைக்கு மேல சுத்தும். அந்தக் காலை வச்சுத்தான் நிறுத்தப் போறீங்களா? 2016-ல லண்டன்ல முன் பிரேக் இல்லாத ஃபிக்ஸட் சைக்கிள் மோதி ரோட்டைக் கடந்த ஒரு அம்மா இறந்துபோனாங்க. ஓட்டின இளைஞனுக்கு 18 மாசத் தண்டனை. அவனைத் தண்டிக்கக் கிடைச்சது 1861-ஆம் வருசத்துச் சட்டம், குதிரை வண்டிக் காலத்துது. அந்த ஊர்ல ஃபிக்ஸட் சைக்கிளுக்கு முன் பிரேக் கட்டாயம்னு விதி ஏற்கெனவே இருந்தது. நம்ம ரோட்டுல நாயும், ஆடும், ஓடிவர்ற பிள்ளைகளும் இருக்கு.

எனக்குப் பிடிச்ச வழி பழைய பந்தயக்காரங்க வழிதான். ரெண்டு பக்கமும் மரை போட்ட ஹப் கிடைக்குது. ஒரு பக்கம் ஃபிக்ஸட் பல், இன்னொரு பக்கம் பிரீவீல். ஆசைக்கு ஒரு பக்கம் ஓட்டுங்க. முட்டி வலிச்சாலோ, நாலு பொருள் வாங்கிட்டு வரணும்னாலோ, மழையில ரோடு வழுக்கினாலோ, நட்டைக் கழட்டிச் சக்கரத்தைத் திருப்பிப் போடுங்க. அஞ்சு நிமிச வேலை. பழைய சைக்கிள்ல இருந்து கழட்டின பிரீவீலை எடைக்குப் போட்டுடாதீங்க. ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுச் சுத்தி வையுங்க. கிராமத்துல இன்னும் எத்தனையோ பேர் அதைத் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க.