சுரங்கப் பகுதி நிலத்தடி நீர்க் கண்காணிப்புக் கிணறு

சுரங்கம் அல்லது கல்குவாரி தோண்டும் இடத்திலும் அதைச் சுற்றியும் நிலத்தடி நீரின் மட்டத்தையும் தன்மையையும் அளப்பதற்கென்றே போடப்படும் குழாய்க் கிணறு கண்காணிப்புக் கிணறு எனப்படும். பாசனத்துக்கோ குடிநீருக்கோ இதிலிருந்து தண்ணீர் எடுப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட நீர்த்தாங்கியின் அழுத்தத்தை மட்டும் காட்டும் ஒடுங்கிய வகைக்குப் பீசோமீட்டர் என்று பெயர். தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு நெய்வேலி. தேனி மாவட்டத்துப் போடிமெட்டுச் சரிவு போன்ற கடும்பாறைப் பகுதிகளில் கிணற்றுக்கு இடம் பார்க்கும் முறை வேறு.

நெய்வேலி

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு வெட்டியபோது வெளிப்பட்ட கறுப்புப் பொருள்தான் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைக் காட்டிக்கொடுத்தது. 1956இல் அதைத் தோண்டி எடுக்க ஒரு நிறுவனம் உருவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரி எட்டப்பட்டது.

நிலக்கரிப் படுகைக்குக் கீழுள்ள மணற்பாறையில் தண்ணீர் பெரும் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. அது சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி முட்டுகிறது. மேல்மண்ணை அகற்றிவிட்டு நீரை இறைக்காமல் விட்டால் சுரங்கத்தின் தளம் பிளந்து வெள்ளம் புகுந்துவிடும். அதனால் 1961 முதல் அங்கே இரவு பகலாக நீர் இறைக்கப்படுகிறது. எவ்வளவு இறைத்தால் போதும் என்பதைக் கண்காணிப்புக் கிணறுகளின் அளவீடு சொல்கிறது. நீரின் அழுத்த மட்டம் படுகையின் அடிக்குக் கீழே இருந்தால்தான் சுரங்கத்துக்குப் பாதுகாப்பு. தேவைக்கு மேல் இறைத்தால் சுற்று வட்டார விவசாயிகளின் போர்க் கிணறுகளில் நீர் இறங்கும். கடலூர்க் கரையோரத்தில் உவர்நீர் உட்புகும் அபாயமும் உண்டு. சுரங்கத்தின் பாதுகாப்புக்கும் விவசாயியின் குறைக்கும் ஒரே அளவீடுதான் சான்று.

கிணறு அமைத்தல்

ரிக் வண்டி துளையிடும்போது மேலே வரும் மண்ணையும் கல்துகளையும் ஆழவாரியாகக் குறித்து வைப்பது முதல் வேலை. எந்த அடுக்கில் நீர் இருக்கிறது என்பது இந்தப் பதிவிலிருந்துதான் தெரியும். துளைக்குள் பி.வி.சி. கேசிங் குழாய் இறங்கும். அளக்க வேண்டிய அடுக்குக்கு நேராக மட்டும் கீறல் இட்ட வடிகுழாய் அமையும். அதைச் சுற்றிக் கூழாங்கல் நிரப்பி, அதன் மேல் பென்டோனைட் களிமண்ணால் அடைத்து, மீதியைத் தரைமட்டம் வரை சிமென்ட் பாலால் நிரப்புவார்கள். பிறகு கம்ப்ரசரால் ஊதிச் சேறு நீக்கி, வாய்க்குப் பூட்டுள்ள மூடி போடுவார்கள்.

களிமண் அடைப்புதான் இந்தக் கிணற்றின் உயிர். அது சரியில்லையென்றால் மேலடுக்கு நீர் கீழடுக்குக்கு இறங்கி, இரண்டின் மட்டமும் கலந்த ஓர் எண் கிடைக்கும். அந்த எண் எந்த அடுக்குக்கும் உரியதல்ல.

அளவீடு

மின் உணரி கட்டிய நாடாவை இறக்கினால் முனை நீரைத் தொட்டதும் ஒலி எழும். கிணற்று வாயிலிருந்து அதுவரையிலான ஆழத்தைக் குறிப்பார்கள். தானியங்கிப் பதிவுக் கருவி பொருத்திய கிணறுகளும் உண்டு. ஆழம் மட்டும் தெரிந்தால் போதாது, கிணற்று வாயின் உயரமும் தெரிய வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 420 மீட்டரில் வாயுள்ள ஒரு கிணற்றில் 18 மீட்டர் ஆழத்தில் நீர் இருப்பதாகவும், 405 மீட்டரில் உள்ள இன்னொன்றில் 4 மீட்டரில் நீர் இருப்பதாகவும் கொள்வோம். நீர்மட்டங்கள் முறையே 402, 401 மீட்டர். ஆழத்தில் 14 மீட்டர் வேறுபட்டாலும் மட்டத்தில் 1 மீட்டர்தான் வித்தியாசம். நீர் ஓடும் திசையைக் கணிக்க ஒரே கோட்டில் அமையாத மூன்று கிணறுகளாவது வேண்டும்.

தரம் பார்க்க மாதிரி எடுக்கும்போது தேங்கிய நீரை முதலில் இறைத்து வெளியேற்றிவிட வேண்டும். கந்தகத் தாதுள்ள சுரங்கங்களில் அமிலத்தன்மையும் சல்பேட்டும் முதலில் பார்க்கப்படும். வெடி வைக்கும் குவாரிகளில், வெடிமருந்திலுள்ள அம்மோனியம் நைட்ரேட் காரணமாக, நைட்ரேட்டையும் பார்ப்பது அவசியம்.

போடிச் சரிவு

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வரை ஏறும் மலையின் அடியில் சார்னோக்கைட், நைஸ் வகைக் கடும்பாறைகள் உள்ளன. இங்கே நெய்வேலியைப் போல் பரந்த நீர்த்தாங்கி கிடையாது. சிதைந்த மேற்பாறையிலும் பாறை வெடிப்புகளிலும்தான் தண்ணீர். பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு போரில் தண்ணீர் பீறிட, மற்றது தண்ணீரின்றிப் புகையாகப் போவது இதனால்தான். ஆகவே மின்தடை ஆய்வால் வெடிப்புகளைக் கண்டறிந்து, அவற்றை வெட்டும்படி துளையிட வேண்டும்.

குவாரிக்கு மேலே, சரிவின் மேற்புறத்தில் ஒரு கிணறு கட்டாயம் தேவை. தோட்டங்களுக்கு இடும் உரத்திலிருந்தும் நைட்ரேட் நிலத்தடி நீரில் சேரும். கீழ்ப்புறக் கிணற்றில் மட்டும் அளந்தால் அது உரத்தினுடையதா வெடிமருந்தினுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பாறை குடைந்தால் நீர் என்னாகும் என்ற கேள்வி இவ்வட்டாரத்துக்குப் புதிதல்ல. பொட்டிபுரம் அம்பரப்பர் மலையில் சுமார் 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது எழுந்த எதிர்ப்புகளில் நீர்வளம் பற்றிய அச்சமும் ஒன்று.

விதிகளும் மூடுதலும்

மத்திய நிலத்தடி நீர் ஆணையத்தின் 2020 செப்டம்பர் வழிகாட்டு நெறிமுறைகள், நீர் இறைக்கும் கிணற்றிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளிப் பீசோமீட்டர் அமைக்கச் சொல்கின்றன. சுரங்கம் தொடங்குமுன் தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டையும் உள்ளடக்கிய ஓராண்டுப் பதிவாவது இருப்பது நல்லது. பிறகு போடும் கிணறு முந்தைய மட்டத்தைச் சொல்லாது. ‘முன்பு எங்கள் கிணற்றில் தண்ணீர் இருந்தது’ என்ற ஊராரின் வாதத்தை நிறுவவோ மறுக்கவோ அதனால் இயலாது.

பயன்பாடு முடிந்த கிணற்றை அடியிலிருந்து சிமென்ட் பாலால் நிரப்பி மூட வேண்டும். திறந்து கிடந்தால் மாசு நேரே நீர்த்தாங்கிக்கு இறங்கும், உயிருக்கும் ஆபத்து. கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் அறிவுறுத்தியது. அதன் பிறகும், 2019 அக்டோபரில், மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் மூடப்படாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து இரண்டு வயதுக் குழந்தை இறந்தது.