கால்வாய்க்கு இப்புறமும் அப்புறமும்



கற்றுக்கொடுத்த இலக்கணத்தை ஒதுக்கிவிட்டு, உள்ளே தோன்றுவதைக் கை போன போக்கில் வரைவது. அப்படி வரைந்து தன்னைத் தானே அறிந்துகொள்வது. இதை இன்று பலரும் பேசுகிறார்கள். பிரெஞ்சு ஓவியர் ழான் துபுஃபே 1945இல் இத்தகைய படைப்புகளுக்கு ஒரு தனிப் பெயரே சூட்டினார். நாம் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. தாம்பரத்திலிருந்து கிழக்கே கடற்கரைக்குப் போனால் ஈஞ்சம்பாக்கம். கே. ராமானுஜம் வாழ்ந்து மறைந்த இடம் அது.

ராமானுஜம் சென்னைக்காரர். மனநோயோடு வாழ்ந்தவர். ஓவியக் கல்லூரி முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கரின் அரவணைப்பில் அங்கே பயின்றார். 1966இல் பணிக்கரின் முன்னெடுப்பில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானதும் அங்கேயே தங்கிவிட்டார். மாளிகைகள், சிறகு முளைத்த விலங்குகள், பாம்புகள், அவற்றின் நடுவே தொப்பி அணிந்த ஒரு மனிதன். அந்த மனிதன் அவரேதான். வெளியுலகில் கிடைக்காத இடத்தை மையால் கோடு கோடாக இழைத்துத் தாளில் கட்டிக்கொண்டார். அந்த இடமும் போதவில்லை. 1973இல் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். ஓவியம் எல்லா நோயையும் தீர்க்கும் என்று மேடையில் சொல்வோர் இந்த மரணத்தை மறக்கக் கூடாது.

ஆனாலும் அவருக்கு ஒரு கிராமம் இருந்தது. ஓவியர்கள் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தப் பணத்தைச் சேர்த்து வாங்கிய நிலம் அது. பிழைப்புக்குக் கைவினை, மனத்துக்கு ஓவியம் என்ற அந்த ஏற்பாட்டை நாம் மதிக்கிறோம். நம் கேள்வி வேறு: கைவினையிலிருந்து கலைக்குக் கடக்கும் அந்த வழி யாருக்குத் திறந்திருந்தது?

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியதுதான் சென்னை ஓவியப் பள்ளி. நெடுங்காலம் அது தொழிற்கலைப் பள்ளி. ராய் சௌத்ரி காலத்தில் நுண்கலை முன்னுக்கு வந்தது. கைவினைஞன் வேறு, கலைஞன் வேறு என்ற கோடு அங்கே அழுத்தமாக விழுந்தது. தோலைப் பதப்படுத்திப் பறை கட்டியவரும் பாய் முடைந்தவரும் அந்தக் கோட்டுக்குக் கீழே கூட வரவில்லை. அவர்கள் செய்தது வேலை, அவ்வளவுதான்!

இனி பக்கிங்காம் கால்வாய்க்கு அந்தப் பக்கம் வருவோம். துரைப்பாக்கம் கண்ணகி நகர். 2000ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கி, நகரின் ஆற்றோரங்களிலிருந்தும் கால்வாய்க் கரைகளிலிருந்தும் பிடுங்கப்பட்ட குடும்பங்கள் இங்கே கொட்டப்பட்டன. 2004 சுனாமிக்குப் பின் மேலும் பலர் வந்தார்கள். தலித்துகள் பெருமளவில் வாழும் குடியிருப்பு. முகவரியைச் சொன்னதும் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட இளைஞர்கள் இங்கே ஏராளம்.

2020இன் தொடக்கத்தில் ஒரு கலை அமைப்பும் பெயிண்ட் நிறுவனமும் மாநகராட்சியும் சேர்ந்து இந்தக் குடியிருப்பின் சுவர்களில் பெரும் ஓவியங்களைத் தீட்டின. வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஓவியர்கள் வந்தனர். கெட்ட பெயர் கொஞ்சம் கழுவப்பட்டது என்று அங்குள்ளோர் மகிழ்ந்ததும் உண்மை. அந்த மகிழ்ச்சியைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை. ஆனால் தூரிகை பெரும்பாலும் வந்தவர்கள் கையில் இருந்தது. குடியிருப்பவர் முகம் சுவரில் ஏறியது. அவர் உள்ளே கண்டது ஏறவில்லை. கூவம் கரையில் விட்டுவந்த வீட்டை, இடித்த நாளை, அவரே வரைந்திருந்தால் அதற்குப் பெயிண்ட் கிடைத்திருக்குமா?

யாரும் பெயிண்ட் தராமலே நம்மவர் வரைந்த சுவர்களும் உண்டு. புறநகரின் காலனிகளில், காலண்டர் படத்தைப் பார்த்துக் கட்டம் போட்டும் போடாமலும் தீட்டிய அம்பேத்கர்கள். மூக்கு சற்றே நீண்டிருக்கும், கண்ணாடி கோணியிருக்கும், நீலக் கோட்டு மட்டும் பிசகாது. சில முகங்கள் அந்தத் தெருவின் பெரியவர் ஒருவரின் சாயலில் இருக்கும். நகல் எடுக்கப் போன கை தன் சனத்தின் முகத்தைப் போட்டுவிட்டது! ‘இந்தத் தெரு எங்களுடையது’ என்று அறிவித்த முதல் ஓவியம் பல இடங்களில் இதுதான். சாதிக் கலவரத்தில் முதலில் சாணி வீசப்படுவதும் இதன் மீதுதான்.

ஃபிளெக்ஸ் வந்தபின் சுவரில் எழுதிப் பிழைத்தவர்களின் தொழில் போய்விட்டது. சோழமண்டலத்துக்கு 2009இல் அருங்காட்சியகம் வந்தது. நம் சுவர்கள் வெள்ளையடிக்கப்படுகின்றன. அம்பேத்கர் படத்தின் கீழ் மூலையைப் பாருங்கள்: ஒரு பெயர், பக்கத்தில் ‘ஆர்ட்ஸ்’ என்ற சொல், சிலவற்றில் ஒரு தொலைபேசி எண். மாணவத் தோழர்கள் அடுத்த ஏப்ரல் 14க்குள் தாம்பரம் தொடங்கி வேளச்சேரி வரை அந்தப் பெயர்களைக் குறித்துக்கொண்டு வரவேண்டும். எண் இன்னும் இயங்கினால், கூப்பிட்டுப் பேசவேண்டும்.